காட்சிமுனை

கொர்வெய்ரோவில் பதினொரு வீடுகள்.
ஒன்பதில்தான் ரொட்டி வாங்குவார்கள்.
பத்தாவது மாட்ரிட்காரருடையது,
ஆகஸ்டில் மட்டும் மூச்சுவிடும்.
பதினொன்றாவதில் ஓர் அத்திமரம் குடியிருக்கிறது,
கூரையைப் பிய்த்துக்கொண்டு
வருகிறவன் யாரென்று பார்க்கும்.

எட்டரை மணிக்கு வளைவில் இருமுறை ஹாரன் அடிப்பேன்.
கதவுக் கொக்கிகளில் துணிப்பைகள்.
எந்தப் பைக்கு எத்தனை என்று
கைக்கே தெரியும், என்னைக் கேட்காது.
ஒப்துலியாவுக்கு அரை ரொட்டி.
திங்கள் அரை, புதன் அரை, வெள்ளியும் அரை.

பார்க்க என்ன இருக்கிறது இங்கே என்றால்
முக்கில் நகராட்சி நட்ட கம்பம் நான்கு கைகளை நீட்டும்.
கலங்கரை விளக்கம், மூன்று கிலோமீட்டர்.
(நடந்து பாருங்கள், ஐந்து.)
ஆடும் பாறை. வீடளவு கல்,
சரியான இடத்தில் ஏறி நின்றால் அசையும்.
எது சரியான இடமென்று ஃபீஸுக்குத்தான் தெரியும்,
குடித்தால்தான் சொல்வான்,
அந்நேரம் அவனுக்கு எல்லாமே அசையும்.
மூன்றாவது கை மாலுமிகளின் கல்லறைக்கு.
எந்தக் கப்பல், எந்த நாடு, கற்களில் எழுத்தில்லை;
சுவர் மட்டும் வருடம் தவறாமல் வெள்ளையடித்திருக்கும்.
நான்காவது, காட்சிமுனை.

ஜனவரியில் மூன்று நாள் காற்று.
என் வண்டியின் பின்கதவு கழன்று
சோளக்கொல்லையில் போய்ப் படுத்தது.
அது அடங்கியபோது
கம்பம் கால் சுற்று திரும்பி நின்றது,
கோபித்துக்கொண்ட மனுஷி மாதிரி.
விளக்கத்தின் கை தேவாலயத்துக் குப்பைத்தொட்டியை,
பாறையின் கை என் வளைவை,
காட்சிமுனை
நேராக ஒப்துலியாவின் கொல்லையைக் காட்டியது.

முதலில் வந்தவர்கள் ஒரு ஜெர்மன் தம்பதி.
முட்டைக்கோஸ் தண்டுகளுக்கு நடுவே
மழைச்சட்டை போட்டு நின்றார்கள்.
அவள் கொடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்,
வாயில் இரண்டு கவ்விகள்,
அதனால் "யார் நீங்கள்" என்று கேட்க முடியவில்லை.
அவர்கள் போர்வையை மெல்ல ஒதுக்கினார்கள்.

பின்னால் கடல்.
பாறை விளிம்பில் கயிறு கட்டிய ஒருவன்
அலை பின்வாங்கும் நான்கு நொடிக்குள்
சிப்பி சுரண்டிவிட்டு மேலே தாவுகிறான்,
அடுத்த அலை அவன் நின்ற இடத்தைத் தின்கிறது.
அவர்கள் ஒரு மணிநேரம் நின்றார்கள்.

"அது என் மருமகன் எலாதியோ" என்றாளாம்,
கவ்விகளைத் துப்பிவிட்டு.
"செலவாளி."

அடுத்த திங்கள் பையில் ஒரு சீட்டு: இரண்டு ரொட்டி.
ஈஸ்டருக்கு நான்கு.
மே மாதம் கொல்லையில் ஆறு நாற்காலி,
ஆறும் ஆறு ஜாதி.
அவள் பேசத் தொடங்கியிருந்தாள்.
கணவன் போனபிறகு ஹாரனுக்குக்கூட
கைமட்டும் ஆட்டியவள்,
இப்போது சன்னலைத் திறந்து என்னை நிறுத்திச் சொல்கிறாள்:
கொரியாக்காரர்கள் சூப்பை உறிஞ்சிக் குடிப்பார்கள்,
ஒரு பெல்ஜியக்காரி அழுதாள், எதற்கென்று கேட்கவில்லை,
சூடாக மறுபடி ஊற்றினேன்.

ஜூனில் நகராட்சி ஆள் வந்தான்,
ஸ்பேனரும் ஒரு வரைபடமுமாக.
ஒரு மணி நேரத்தில் நான்கு கைகளும் உண்மை பேசின.
காட்சிமுனை மறுபடி மேட்டுக்குப் போனது,
இரும்புக் கம்பியும் குப்பைக்கூடையும்
மூடுபனியும் உள்ள இடத்துக்கு.

புதனன்று பையில் சீட்டு: அரை.

என்னிடம் ஸ்பேனர் உண்டு.
பின்கதவு விழுந்த நாளிலிருந்து
ரொட்டித் தட்டுக்கு அடியில் கிடக்கிறது.
வேறொன்றும் சொல்லமாட்டேன்.

ஜூலையில் அவன் திரும்ப வந்தான்.
ஒன்பது வீடுகளிலும் கேட்டான்.
ஒன்பது வீடுகளும் "காற்று" என்றன.
ஃபீஸ் மட்டும் "பெருங்காற்று" என்றான், தேவையில்லாமல்.
அவன் கம்பத்தின் நட்டைத் தடவி
விரலைப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது.
முகர்ந்தான்.
பிறகு என் வண்டியைப் பார்த்தான்,
ஒப்துலியாவின் கொல்லைப்பக்கம் எழுந்த சிரிப்பைப் பார்த்தான்,
"ஒரு ரொட்டி எவ்வளவு" என்றான்.

காசு வாங்கவில்லை.
விளக்கத்துக்கு நானும் இதுவரை போனதில்லை.